சாச்சாவின் வீங்கிய கிட்டார்

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்குள், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளச் சொல்லி அரசாங்கத்தில் ஒரு கான்கிரீட் அறை கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதில் கிட்டார்கள்தான் ஒளிந்திருந்தன. ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று அங்கே ராப்பகலாக உறுமும். அம்மாவின் அரிசி மூட்டை சோபாவுக்குப் பின்னால் அகதியாகக் கிடந்தது.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வாரம் முழுக்க ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார். இந்த ஊர்க் காற்றில் மரம் உப்பும், பசை இளகும், ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். சரிசெய்து கொடுத்தால் பெரும்பாலும் அதோடு சரி. திரும்பத் திரும்ப வந்தது ஒரே ஒரு கிட்டார்தான். அது சாச்சாவுடையது.

சாச்சா அத்தாவின் ஒரே தம்பி. ஊரின் மேற்குக் கோடியில், பூன் லேயில் தனியாக இருந்தார். தாத்தா இறந்ததும், அவர் விட்டுப்போன வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், அந்தக் கிட்டாரோடு வாசலில் நிற்பார்.

“அண்ணே, மறுபடியும் வயிறு வீங்கிடுச்சு லா.”

“ஜன்னல்கிட்ட வைக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?”

அவ்வளவுதான் பேச்சு. கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டை, அதை பிரிட்ஜ் என்பார்கள், மரத்தை விட்டுப் பெயர்ந்திருக்கும். அத்தா அதை மொத்தமாகக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டுவார். சாச்சா டார்ச் அடிப்பார். புதுப்பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்க மத்தியானம் ஆகிவிடும். கடையில் வாங்கிய பரோட்டாவை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார்கள். பசை காய வேண்டுமே, எடுத்துப்போக அடுத்த ஞாயிறும் சாச்சா வருவார். ஆக, இரண்டு ஞாயிறு போச்சு. என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன வாக்கும் போச்சு.

“ஒரு நாளாவது முதுகை நீட்டிப் படுங்களேன்” என்று அம்மா அலுத்துக்கொள்வார். அத்தாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கும். எனக்கோ சாச்சா மேல் எரிச்சலாக வரும். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஜன்னல் எது, சுவர் எது என்று தெரியாதா?

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. ஷூ பெட்டிக்குள் கிடக்குமே, ஈரத்தை இழுக்கும் குட்டிப் பொட்டலங்கள், அவற்றை அத்தா எல்லோருக்கும் கைநிறையக் கொடுப்பார். கிட்டார் உறைக்குள் போட்டு மூடி வையுங்கள் என்று பாடமும் நடத்துவார். சொந்தத் தம்பிக்கு மட்டும் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. பாவம், அலுப்பில் மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தா மறந்ததை நான் செய்தேன். அடுத்த முறை சாச்சா கிட்டாரை எடுத்துப்போனபோது லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். ஒரு பை நிறைய பொட்டலங்களை நீட்டினேன்.

“இத உள்ள போட்டு மூடியே வைங்க சாச்சா. இனிமே கெட்டுப்போகாது. அத்தாவுக்கு ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் வேணும்.”

சாச்சா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அண்ணன் சொல்லச் சொன்னாங்களா?”

இல்லை என்றால் வாங்கமாட்டாரோ என்று பயமாக இருந்தது. “ஆமா” என்றேன். அவர் தலையாட்டிப் பையை வாங்கிக்கொண்டார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

இரண்டு மாதம் போனது. நாலு மாதம் போனது. சாச்சா வரவில்லை. நோன்புப் பெருநாளன்று அம்மாதான் அவருக்குப் போன் போட்டார். அத்தா தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, “கிட்டார் எப்படி இருக்குன்னு கேளு” என்றார்.

“நல்லா இருக்காம். ஒண்ணுமே ஆகலையாம்.”

“நான்தான் பாக்கெட் குடுத்தேன்!” என்று குதித்தேன். அத்தா, “கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், நிறைந்திருந்த மெஷின் தொட்டியைக் காலி செய்தார். அந்த ‘ஆமா’வை மட்டும் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு நீச்சல் குளத்துக்கும் போனோம். அத்தா கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற ஞாயிறுகளில் பகலெல்லாம் படுத்துக்கிடந்தார். நன்றாக ஓய்வெடுக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. பரோட்டாவை மட்டும் அவர் பழைய கணக்கிலேயே, இரண்டு கூடுதலாக வாங்கிவந்தார். மத்தியானம் வரை அதைப் பிரிக்கவிடமாட்டார். வாசல் கதவும் திறந்தே கிடக்கும். அதற்குப் பிறகு, “எடுத்துக்கோ” என்பார். ஆறிப்போன அந்த இரண்டு பரோட்டாவையும், எனக்காகத்தான் வாங்கினார் என்று நினைத்து, ஒவ்வொரு வாரமும் நான்தான் ஆசை ஆசையாகத் தின்றேன்.