ஓடையில் தொங்கவிட்ட ஓடுகள்

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பாசி வழுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். பாசியை வைத்துப் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான் ஒருத்திதான். மலேசியாவில் தம்பினுக்குப் பக்கத்தில், பாமாயிலுக்கான தோட்டம். அதன் ஓடையில் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று குளியலறை ஓடுகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வாராவாரம் வீட்டுக்கு வந்து, ஓட்டில் படிந்த வழவழப்பைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டிப் புட்டியில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். பச்சையத்தை அளந்தால் பாசி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாக்டீரியாவைத்தான் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கழுத்து ஒடிந்துவிடும்.

பாசி கசியவிடும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா பெருகும் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறிவந்தன. ஒரு வாரம் போய்ப் பார்த்தால் கீழ் ஓடுகளில் பச்சையே இல்லை. பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ மிச்சமிருந்தது. மேல் ஓடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் நடுவில் எதுவோ கலக்கிறது. என் படிப்பில் மண்ணைப் போட்டது யார் என்று பார்த்தே தீருவது என்ற ஆத்திரத்தோடு கரையோரமாக நடந்தேன்.

வளைவில் நாலைந்து பெண்கள் களைக்கொல்லி அடிக்கும் பம்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் அம்மா.

"இங்கயா கழுவுவீங்க? என் ஓட்டுப் பாசியெல்லாம் செத்துப் போச்சு லா!"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இந்த வாரந்தான் இந்தப் பக்கம் மருந்தடிக்க விட்டாங்க. உன் ஓடு கீழ இருக்குன்னு தெரியாதும்மா. நாளையிலேருந்து அதுக்கும் கீழ போயிக் கழுவிக்கிறோம்."

என் கோபம் தணிந்தது.

வழக்கமாக எனக்குப் பரிமாறிவிட்டுப் பிறகுதான் அம்மா சாப்பிடுவார். அன்று வற்புறுத்திக் கூடவே உட்கார வைத்தேன். சோற்றைக் கரண்டியால் அள்ளினார்.

"என்னம்மா, புதுசா ஓட்டல் பழக்கம்?" என்று சீண்டினேன்.

"குழம்பு பட்டா எரியுது."

கையை இழுத்துப் பார்த்தேன். நகங்கள் மஞ்சளித்துக் கிடந்தன. இரண்டு விரல்களில் நகமே இல்லை. பயத்தில் கத்திவிட்டேன். "கிளவுஸ் என்னாச்சு?"

"கிழிஞ்சு போச்சு. வேலை வாங்குற மண்டோர்கிட்ட புதுசு கேட்டிருக்கு."

"நாளைக்கு ஓடு கிடக்கட்டும், கிளினிக் போறோம். எப்போலேருந்தும்மா இப்படி?"

"பழம் பொறுக்குறத விட்டுட்டு மருந்து வேலைக்கு மாறினதுலேருந்து."

அந்த வேலையில் நாலு காசு கூட வரும். அம்மா அதற்கு மாறியது, எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாதம்.