கடற்கரையில் சொன்ன விரதம்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் சைவன் நான். ஏழுமலை என்னும் மீனவரிடம் அவர் மகளின் முகூர்த்தச் சேலையைக் கொடுக்கப் போனபோது, வலைபோடப் புறப்பட்ட படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வலையில் மீன்கள் துடித்ததைக் கண்டதிலிருந்து என் மனம் நிலைகொள்ளவில்லை.

கரை திரும்பியதும் அவர் மனைவி மீன் குழம்பு வைத்தார். எனக்கெனத் தனி அடுப்பில் சோறும் பருப்பும் சமைத்தார்.

"புதுச் சட்டிங்கய்யா, மீனே படல. தைரியமா துன்னுங்க."

இருந்தும் அந்த வீட்டில் உண்ண மனம் கூசியது. "இன்று எனக்கு விரதம்" என்றேன். பொய்.

ஏழுமலை சிரித்தார். "படகுல நாலு இட்லி துன்னீங்களே சாமி, அப்போ விரதம் தூங்கிக்கினு இருந்துதா?"

"நீ சும்மா இருய்யா" என்று அதட்டிய அவர் மனைவி, குழம்பை மூடிவைத்தார். "வந்தவரு பட்டினி. நமக்கு இன்னா சோறு?"

விடியலிலிருந்து வலை இழுத்த மனிதர் பசியோடே எழுந்துகொண்டார்.

அறுபத்துமூவர் வரிசையில் மீனவராய்ப் பிறந்த அடியாரை நாள்தோறும் தொழுபவன் நான். அவர் குலத்தார் இட்ட சோற்றுக்கோ பொய் சொல்லியிருந்தேன்.

"விரதமில்லை, அம்மா. பொய் சொன்னேன். எல்லோருக்கும் இலை போடுங்கள்."

அந்த அம்மா எனக்கே முதலில் பரிமாறினார். இருமுறை கேட்டு உண்டேன். சோறு அன்றே செரித்துவிட்டது. அந்தப் பொய் இன்னும் செரிக்கவில்லை.