மூன்றாம் பக்கத்தில் மாசாணியம்மாள்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் படுக்கையிலிருந்த ராமாமணி அம்மாளுக்கு மாசாணியம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் பிரத்யுஷா வந்து போனை நீட்டினாள். அன்றைய பேப்பர், மூன்றாம் பக்கம். மேஜைமேல் நகைகள், ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், மறுபக்கம் பெண் போலீஸ், நடுவில் மாசாணியம்மாள். கீழே கொட்டை எழுத்தில்: 'நகை திருடிய பெண் கைது.'

"இது நீங்கதானே அக்கா?"

"நானேதானுங்க. ஆனா திருடுனது நானில்லீங்க. நான் சாட்சிக்குப் போனவ."

பிரத்யுஷா கெட்டவளில்லை. "நான் நம்பறேங்க. மாமா நம்பணுமே. பேப்பர்ல மாத்திப் போடட்டும், அப்புறம் வாங்க."

மாசாணியம்மாள் மிச்சக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, மத்தியான மாத்திரை எது என்று காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இந்த ஒரு வீட்டோடு போகிற விஷயமில்லை. கையில் வளையலோடு அசைய முடியாமல் கிடக்கிறவர்கள் பக்கத்தில் திருடி என்று பேர் வாங்கியவளை எந்த வீட்டார் விடுவார்கள்? புருஷன் ஐயாசாமி பக்கவாதத்தில் விழுந்தபோது கற்றுக்கொண்ட வேலை. அவர் போன பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். வேறு வேலை தெரியாது.

பத்திரிகை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அவளுக்குக் கோபத்தைவிட, இது எப்படி நடந்தது என்பதுதான் பெரிதாக இருந்தது. படுக்கைப் புண் வந்தால் யாரையும் வைவதற்கு முன்னால் எங்கே அழுந்தியது என்று பார்ப்பது அவள் வழக்கம்.

முந்தாநாள் மதுக்கரையில் போலீஸ் ஸ்டேஷன் வழியாக நடந்து போனவளை இன்ஸ்பெக்டர்தான் கூப்பிட்டார். "அம்மணி, நகையப் பார்த்ததுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்துங்க." கையெழுத்துப் போட்டாள். அதற்குள் பிடித்து வந்திருந்த பெண் மயங்கிச் சரிந்தாள். மாசாணியம்மாள் அவளைப் பின்னறை பெஞ்சில் கிடத்தி, காலை உயர்த்திவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்தாள். போட்டோ எடுக்க எல்லோரும் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். "வாங்கம்மணி, நீங்களும் நில்லுங்க" என்றார் ஒரு ஏட்டு. அத்தனை மரியாதையாகக் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது? கல்யாண வீட்டில் பெண் மாப்பிள்ளையோடு நிற்பதுபோல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அந்த மேஜைக்குப் பின்னால் போலீஸ் உடுப்பில்லாமல் நிற்கிறவர் பிடிபட்ட ஆள்தான் என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை அலுவலக வாசலில் காவலாளி அவளைப் பார்த்தான், தன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான். "ஸ்டேஷன்ல எப்பக்கா உட்டாங்க?"

"புடிச்சிருந்தாத்தான சாமி உடறதுக்கு? உள்ள பெரியவங்க யாராச்சும் இருந்தாக் கூப்பிடு."

செய்தி ஆசிரியர் உம்மல் குல்சும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். செய்தி எழுதிய நிருபர் ரூபன் வந்து, அவளை நேரில் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"ஏனுங்க தம்பி, நீங்க ஸ்டேஷனுக்கு வரவே இல்லீங்களே. என்ற படம் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

ரூபன் போனைத் திறந்து போலீஸ் வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினான். 'கைதான பெண்ணுடன் போலீசார்' என்று படத்தோடு வந்திருந்தது. "அவங்களே எழுதி அனுப்பினதுங்கக்கா. நாங்க அப்படியே எடுத்துப் போட்டுட்டோம்."

"நடுவால நிக்கறது யாருன்னு ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டீங்களா?"

"போலீஸ் சொன்னா யாரும் கேக்கறதில்லீங்க." சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்தான்.

"தப்புப் பண்ணிப்போட்டோம், மன்னிச்சுக்குங்க," என்றார் குல்சும். "நாளைக்கே திருத்தம் போடறோம். ஏழாம் பக்கத்துல அதுக்குன்னு எடம் இருக்கு."

"படம் மூணுல, திருத்தம் ஏழுலயா? அதை யாருங்க பார்ப்பாங்க?"

"பார்க்க மாட்டாங்கதான். திருத்தம் கண்ணுல படற மாதிரி போடணும்னுதான் பிரஸ் கவுன்சிலும் சொல்லுது. மூணாம் பக்கம் வேணும்னா முதலாளிகிட்டப் பேசணும்."

ரூபன் குறுக்கே வந்தான். "மேடம், நெஜமாப் புடிச்ச பொண்ணு போட்டோ எனக்குக் கெடச்சிருச்சு. 'திருடியது இவர்தான்'னு போட்டா மூணாம் பக்கமே தருவாங்க. அக்கா மேல வந்த பேரு ஒரே நாள்ல போயிரும்."

மாசாணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியே போடுங்க கண்ணு."

"முடியாதுங்க," என்றார் குல்சும். "அந்தப் பொண்ணு எடுத்துச்சா இல்லையான்னு கோர்ட்டுதான் சொல்லணும். அதுக்கு முன்னால மூஞ்சியப் போட்டு 'இவதான்'னு எழுதறது தப்பு."

"அப்படீன்னா என்ற மூஞ்சிய மட்டும் எப்படிப் போட்டீங்க?"

"ஆள் மாறிப்போச்சுங்க…"

"மாறலீன்னே வெச்சுக்குங்க. நானே அந்தப் பொண்ணா இருந்தா? அப்பவும் போடக்கூடாதுதானுங்களே?"

குல்சும் மேஜைமேல் கிடந்த பேப்பரைத் திருப்பி மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். ரூபன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "அப்பவும் போட்டிருக்கக் கூடாது. நாங்க பண்ணினது ரெண்டு தப்பு. ஒண்ணைக் கேக்க நீங்க வந்துட்டீங்க. இன்னொண்ணக் கேக்க யாரும் வர மாட்டாங்க."

பெஞ்சில் கிடந்தவளின் கை பனிக்கட்டியாய் இருந்ததும், நாடி தடதடவென்று ஓடியதும் மாசாணியம்மாளுக்கு நினைவு வந்தன. அவள் எடுத்தாளா இல்லையா என்று நாடியில் தெரியவில்லை. அவள் படத்தைப் போடச் சொன்னால் நாளைக்கே வேலை திரும்பக் கிடைக்கும். அந்தப் பெண்ணும் எங்காவது ஒரு வீட்டில் வேலை செய்கிறவளாகத்தான் இருப்பாள்.

"அவ படம் வேண்டாமுங்க," என்றாள். "ஏழாம் பக்கமும் வேண்டாம். என்ற படத்தையே மறுக்கா மூணுல போட்டு, சாட்சின்னு எழுதுங்க."

"இன்னிக்குப் பார்க்காதவங்களும் நாளைக்குப் பார்ப்பாங்களே அக்கா!" என்றான் ரூபன்.

"பார்க்கட்டும். பேரைப் படிச்சா என்னைத் திருடின்னாங்க? மூஞ்சியப் பார்த்துத்தான சொன்னாங்க."

குல்சும் முதலாளி அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தும் குரல்கள் வெளியே கேட்டன. திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "மூணாம் பக்கம், கீழ்ப்பாதி. படமும் சின்னதுதான். அதுக்கு மேல என்னால ஆகலீங்க."

"போதுமுங்க." ரூபன் அங்கேயே ஒரு படம் எடுத்தான்.

மறுநாள் காலை படம் வந்தது. ஒன்பது மணிக்கு மேல் பிரத்யுஷா கூப்பிட்டாள். பின்னால் மாமா அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் உரக்கப் பேசுவது கேட்டது.

"பார்த்தோம் அக்கா. மாமாவும் பார்த்துட்டாரு. ஆனா திருடினது யாருன்னு போடவே இல்லையேங்கறாரு."

"அது கோர்ட்டு சொல்லுமுங்க."

"உங்களுக்குத் தெரியும்தானே, சொல்லச் சொல்றாரு."

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணு மயங்கி விழுந்தது தெரியும், அவ்வளவுதான்."

பிரத்யுஷா அதை மாமாவிடம் சொன்னாள். உள்ளே தெலுங்கு ஓடியது. பிறகு பிரத்யுஷா, "சரிங்க, வாங்க. ஆனா மாமா மறுபடியும் கேப்பாரு," என்றாள்.

"கேக்கட்டுமுங்க. இதையேதான் சொல்லுவேன்," என்றாள் மாசாணியம்மாள். "வாரேன்."