எதிர்வீட்டு வாசலில் வைத்த குப்பைத்தொட்டி

பழி தீர்ப்பதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்.

புனே பக்கம் பிம்ப்ரியில் எங்கள் எதிர்வீட்டில் அவர் மெஸ் நடத்தினார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாபி', அதாவது அண்ணி. நெற்றியில் பெரிய குங்குமம். யாரோடு பேசினாலும் கை வெங்காயம் உரித்துக்கொண்டே இருக்கும். சாலையை அகலப்படுத்துவது பற்றி அதிகாரிகள் கூட்டிய கூட்டத்தில் எழுந்து, "முதல்ல இந்த மதராசி அண்ணாவோட காம்பவுண்டை இடிங்க. பாதி ரோட்டை முழுங்கியிருக்கு" என்றார். தெருவே சிரித்தது. அவர் சொன்னது உண்மைதான். என் சுவர் இடிபட்டது.

வார்டு அலுவலகத்தில் தெரிந்தவரைப் பிடித்து, தெருவின் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டியை அவர் வாசலுக்கு நேரே வைக்கச் செய்தேன். நாற்றம் தாங்காமல் கம்பெனிப் பையன்கள் வேறிடம் சாப்பிடப் போனார்கள். மெஸ்ஸை மூடிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மனம் உறுத்தியது. தொட்டியை என் வாசலுக்கே மாற்ற எழுதிக் கொடுத்தேன். மாற்றிய அன்று அவரிடம் போய், "பாபி, அன்னைக்கு அதை உங்க வாசல்ல வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும், அண்ணா. மீன் குடலை இனிமே ரெண்டு நாள் வெச்சிருந்து, நல்லா நாறினதும் கொண்டுவந்து போடறேன்."

சொன்னபடியே செய்கிறார். நான் ஜன்னலைச் சாத்துவதில்லை.