பக்கத்துக் கட்டில் பால்

பிறந்த குழந்தையின் வயிற்றைத் தையல்காரர் டேப் மாதிரி ஒன்றால் அளப்பார்கள் என்பதை என் மூத்த மகள் பிறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டவள் அவள். நர்ஸம்மா காலையும் மாலையும் அவள் வயிற்றில் டேப்பைச் சுற்றி, எண்ணைச் சீட்டில் எழுதுவார். மாதம் நிறையாத பிள்ளைக்குக் குடல் பக்குவப்பட்டிருக்காது, கண்டதைத் தந்தால் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்றார் டாக்டர். தாய்ப்பாலோடு நல்ல கிருமிகளும் உள்ளே போகும், அவை குடலில் குடியேறிவிட்டால் கெட்ட கிருமிக்கு இடம் இருக்காது என்றும் சொன்னார். கிருமியில் நல்லது உண்டு என்பதே எட்டாவதோடு நின்ற எனக்குப் புதுச் செய்தி.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்ந்த மறுநாளே ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. என் மனைவிக்கோ காய்ச்சல், பால் ஊறவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து மூன்றாவது பிரசவத்துக்கு வந்தவர். என் மனைவி அவரை அக்கா என்றாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தன் பிள்ளை குடித்தது போக மிச்சப் பாலை அக்கா கிண்ணத்தில் பீய்ச்சித் தருவார். நர்ஸம்மா அதைப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். இப்போது அடுத்தவர் பாலைப் பரிசோதித்துத்தான் தருகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. அக்கா கிட்டே வந்தாலே என் மகளின் உதடு குடிப்பது போல அசையும். நான் போனால் சிணுங்குவாள். என் மனைவிகூட என்னிடம் பேசியதைவிட அக்காவிடம் சிரித்ததுதான் அதிகம். ஒருநாள் நர்ஸம்மா எல்லோர் முன்னாலும், "இந்தப் பொண்ணு இல்லன்னா உங்க கொழந்த இன்னா ஆயிருக்கும்? நீங்க இன்னா பண்றீங்க, பிளாஸ்க்க தூக்கினு போறீங்க, டீ வாங்கினு வரீங்க" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் சொட்டு அக்காவுடையதாகப் போய்விட்டது, இனிப்பாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று பட்டது. பிரசவப் பையில் நானே காய்ச்சிய வெல்லம் இருந்தது. மத்தியானம் நர்ஸம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து, அதைத் தண்ணீரில் கரைத்து, விரலைத் தோய்த்து மகளின் வாயில் வைத்தேன். மூன்று முறை சப்பினாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாலையில் டேப் கூடுதலாகக் காட்டியது. வயிறு பளபளவென்று வீங்கிவிட்டது. பச்சையாகக் கக்கினாள். நர்ஸம்மா நேரே அக்காவிடம் போய், கையைக் கழுவாமல் பால் எடுத்தாயா என்று சத்தம் போட்டார். அக்கா கழுவினேன் என்றார். மறுபடியும் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். நான் பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றேன். இனி அந்தப் பால் வேண்டாம் என்று நர்ஸம்மா சொன்னது என் மனசின் ஒரு மூலைக்குப் பிடித்திருந்தது. அப்புறம் டாக்டர் வந்தார். உள்ளே என்ன போயிற்று என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்றார். "நான்தாங்க. வெல்லத் தண்ணி குடுத்தேங்க" என்றேன். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் வாய்க்கு எதுவும் தராமல் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வயிறு வடிந்தது. பால் தரலாம், டப்பாப் பால் மட்டும் கூடாது என்றார் டாக்டர். அன்று காலையில்தான் அக்காவை அழைத்துப்போக அவர் வீட்டுக்காரர் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். அக்கா துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "இன்னா தம்பி, டீ வாங்கினு வரட்டுமான்னு கேக்க வந்தியா?" என்றார். அவரைத் திட்டு வாங்கவிட்டு ஊமையாக நின்றதைச் சொல்லி, என் மனைவிக்குப் பால் ஊறும்வரை நாலு நாள் இருக்க முடியுமா என்று கேட்டேன். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"யாரு பால் குடிச்சா இன்னா, வளந்தா உன்னத்தான அப்பான்னு கூப்புடப் போவுது" என்றார் அக்கா. கிண்ணத்தை நிரப்பி நீட்டினார். "கையக் கழுவினு வந்து நீயே குடு."

இப்போது சில ஆஸ்பத்திரிகளில் அந்த நல்ல கிருமிகளையே சொட்டு மருந்தாகத் தருகிறார்களாம், மகள் பேப்பரில் படித்துச் சொன்னாள். அன்றைக்கு எங்களுக்கு அக்காதான் இருந்தார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தேன். நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்து எப்படிச் சாய்ப்பது என்று காட்டினார். மகள் என் கையிலிருந்துதான் குடித்தாள். முகம் மட்டும் அக்கா உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பியிருந்தது. எனக்கு அப்போதும் எரிந்தது. எரிந்தபடியே, ஒரு சொட்டும் சிந்தாமல் கையை ஆட்டாது வைத்திருந்தேன்.