திண்டிவனமா, புதுச்சேரியா: பனமலையில் ஒரு சனிக்கிழமை

ஈப்போவிலிருந்து திண்டிவனத்துக்குக் குடிவந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருட வேலை. தமிழ் பேசும் ஊர்தானே, மலேசியத் தமிழச்சிக்கு என்ன கஷ்டம் என்றுதான் வந்தேன். ஆனால் கடையில் வாயைத் திறந்தாலே, "நீங்க எந்த ஊருங்க?" என்றார்கள். மரியாதைதான், அந்த மரியாதையே என்னைத் தள்ளி நிறுத்தியது. வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் இருக்கும் புதுச்சேரியில் வீடு தருவதாகக் கணவரின் நிறுவனம் சொன்னது. திங்கட்கிழமைக்குள் நானே முடிவு சொல்ல வேண்டும்.

போய்விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். போவதற்கு முன் ஒரு இடமாவது பார்த்துவிடலாம் என்று பங்குனிச் சனிக்கிழமை ஒன்றில் தனியாகப் பனமலைக்குக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்குப் பேருந்து. விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஆனது. அங்கே டவுன் பஸ்ஸுக்கு மாறினேன். நடத்துநர் காசு வாங்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"நான் மலேசியாங்க. எனக்கும் இலவசமா?"

"லேடீஸ்க்கு ஃப்ரீமா. மலேசியாவுல லேடீஸ் இல்லியா?" என்றபடி அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது, நானும்தான்.

பனமலை சின்னக் குன்று. மேலே பல்லவர் காலத்துச் சிவன் கோயில், கீழே ஏரி. கோயில் சுவரில் பாதி அழிந்த ஓவியத்தில் ஒரு பெண் தலையைச் சாய்த்து நிற்கிறாள். அவள் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். இறங்கி வந்தால், அடுத்த பஸ் ஒரு மணிக்குத்தான் என்றார்கள்.

சாலையோர மரத்தடியில் ஐந்தாறு பெண்கள் வேர்க்கடலைச் செடியைக் குவித்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்றேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள்.

"பசி ஆறுச்சான்னு கேக்கறாங்கடி. நம்மள யாரு இப்பிடிக் கேட்டுக்கீறாங்க?" என்று சிரித்தபடி, மற்றவர்கள் செல்வி அக்கா என்று கூப்பிட்டவர் தூக்குவாளியிலிருந்து கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். நான் குவியலைக் காட்டி, வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயரில், "கச்சானா?" என்றேன்.

"மல்லாட்டைங்க அது. பஸ் வர்ற வரைக்கும் சும்மா குந்திக்கினு என்னா பண்ணப் போறீங்க? நீங்களும் ஆயுங்க."

செடியிலிருந்து காயைப் பிய்ப்பதுதான் ஆய்வது. என் காய்கள் மண்ணும் காம்புமாகவே வந்தன. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த செல்வி அக்கா, "கை ஓடலியே உனக்கு. மண்ண ஒதறிட்டு ஜல்தியா ஆயிம்மா" என்றார்.

இந்த ஊருக்கு வந்தபின் முதன்முறையாக ஒருவர் என்னை 'உனக்கு' என்றார். குனிந்து இன்னொரு செடியை எடுத்துக்கொண்டேன். கண் கலங்கியதை மண்தூசி என்று நினைத்திருப்பார்கள்.

பஸ் வந்தபோது ஒரு பை நிறையக் காய் கொடுத்து, "உப்பு போட்டு அவிச்சித் தின்னு" என்றார்கள். பஸ்ஸிலிருந்தே கணவரை அழைத்து, "புதுச்சேரி வேண்டாம்" என்றேன்.

"திடீர்னு என்ன ஆச்சு?"

"மல்லாட்டை ஆய்ந்தேன்."

"என்ன ஆட்டை?"

பனமலை போகிறவர்கள் வெயில் ஏறும் முன் மலை ஏறிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புது நாட்டில் சிறு ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: தங்குவதா, கிளம்புவதா என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். யாராவது வேலை சொன்னால் உட்கார்ந்து செய்யுங்கள்.

வீடு காலி செய்யவில்லை என்று சொன்னதும் கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டு உரிமையாளர் தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறைச் சாவியை நீட்டினார். "இனிமே நீயே போட்டுக்கம்மா. நெறைஞ்சதும் மறக்காம நிறுத்து."