கமில்லேரிக்கு ஒரு சிவப்புப் புள்ளி

ஹட்டனில் ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் அவர் இருந்தார். மால்டா தீவுக்காரர். வெயிலில் சிவந்த மூக்கு, மடியில் கசங்கிய உலக வரைபடம். தம் குடும்பப் பெயரான கமில்லேரி எந்த ஊரில் கிடைத்தாலும் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவர் வழக்கம்.

“ஒட்டகம் ஓட்டியவர்களின் பெயர் என்கிறார்கள். எங்கள் தீவில் ஒட்டகமே இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். சிசிலி, துனிஸ், அலெக்சாந்திரியா, மெல்பர்ன் என்று விரல் ஓடியது. இலங்கையில் ஒன்றுமில்லை.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான், அதுவும் பிள்ளையோடு முடிந்துவிடும் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் பக்கத்திலிருந்த என் சித்தி, “நம்ம கன்னுக்குட்டிக்கு இன்னும் பேரு வைக்கலதானேடா? இவரு பேரையே வச்சிருவோம்னு சொல்லு. பொட்டக் கன்னு, பரவாயில்லையான்னும் கேளு” என்றார்.

கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று சித்தியைக் கும்பிட்டார். எங்கள் ஊரான வட்டகொடை வரைபடத்தில் எங்கே என்று என்னிடம் கேட்டு, ரயில் ஆட்டத்திலும் கவனமாக ஒரு புள்ளி வைத்தார்.

மூன்று வருடமாகிறது. போன மாதம் கமில்லேரி ஈன்றது. “பேரு லெட்சுமி. ஊசி போட்டுப் பொறந்தது, அப்பன் யாருன்னு தெரியாது. அதனால ஆத்தா இனிஷியல், க” என்று சித்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

இதற்கும் புள்ளி உண்டா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அன்று இறங்கும்வரை அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை.